மார்கழியில் புறப்படாத கப்பல்

போன மாதம் எங்கள் பழைய பத்திரிகைக் கந்தோரில் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், நான் விட்டுவந்த உதவியாசிரியர் கதிரையில் இப்போது இருப்பவர். கடிதத்தில் ஒரு செய்தியும் ஒரு கேள்வியும் இருந்தன. இனிமேல் தொடர்கதையை முற்றாக எழுதி முடித்துக் கையில் தந்தால்தான் முதல் அத்தியாயத்தை அச்சேற்றுவது என்று தீர்மானித்திருக்கிறார்களாம். இது செய்தி. "கதை நடுவில் நின்று, பேனை நகரமாட்டேன் என்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பது கேள்வி.

தீர்மானம் புத்தியான தீர்மானம்தான். ஆனால் அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விதி 1936இல் இருந்திருந்தால் என் வாழ்க்கையின் மிகப் பெரிய இருபத்தாறு மணித்தியாலம் எனக்குக் கிடைத்திருக்காது. கேள்விக்கு மறுமொழியைக் கடிதத்தில் அடக்க முடியவில்லை. அதோடு, பதின்மூன்று வருடமாக வாசகர் ஒருவருக்கும் சொல்லாத ஒரு பிழையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே என் நாட்குறிப்புக் கொப்பிகளை அலுமாரியில் இருந்து இறக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் 1922ஆம் ஆண்டு தை மாதம் அந்த வாரப் பத்திரிகையில் புரூப் பார்ப்பவனாகச் சேர்ந்தேன். உரும்பிராயில் இருந்து பட்டினத்துக்குத் தினமும் சைக்கிள். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரத்து வாசிப்பார், மற்றவர் அச்சடித்த தாளைப் பார்ப்பார். பதினான்கு வருடம் நான் செய்தது இதுதான். அதில் எனக்குக் கிடைத்த இலாபம், பிறர் எழுதிய வசனங்கள் காதால் உள்ளே போய்ப் படிந்தன. கையில் அகப்பட்ட புத்தகங்களை எல்லாம் வாசித்தேன். சிறுகதைகளும் எழுதத் தொடங்கினேன்.

எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர்களுக்குத் தலைவர் பொன்னுத்துரை அண்ணை. என் பேனை முதன்முதல் நின்றபோது அதை ஓட்டிவிட்டவர் அவர்தான். 1927 பொங்கல் மலருக்கு ஒரு கதை தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, முதல் வரி எழுத முடியாமல் நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

"என்ன முருகேசு, தாளைப் பாத்துக்கொண்டு இருந்தால் அது குஞ்சு பொரிக்குமோ?"

"வரி வருகுதில்லை அண்ணை."

"எழும்பி வா. எழுதாதை. சொல்லு, நான் கோர்க்கிறன்."

அவர் கோர்க்கும் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றார். நான் பக்கத்தில் நின்று வாயால் சொன்னேன். ஈய எழுத்து ஒவ்வொன்றாக ஏறியது. வசனம் நீண்டால், "நிப்பாட்டு, எனக்கு மூச்சு முட்டுது" என்பார். ஓர் உவமை சொன்னேன். "உது வேணுமெண்டால் நீயே கோர்" என்றார். முக்கால் மணித்தியாலத்தில் முதல் பக்கம் அச்சுக்கு ஆயத்தம். பயந்துபோன பேனைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் இன்றுவரை காணவில்லை. அன்று முதல், தொடக்கம் வராதவர்களை எல்லாம் நான் எழுந்து நின்று வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் 1936இல் நின்றது வேறு விதமான நிற்றல்.

அதைச் சொல்லுமுன் எங்கள் பத்திராதிபரைச் சொல்ல வேண்டும். பெயர் சாலமன். மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே சில காலம் படிப்பித்துவிட்டு வந்தவர். வெள்ளைக் கோட்டு, பையில் மணிக்கூடு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தொடர்கதை எழுதுபவர் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க வந்தால் அவர் அதை வாசிக்கமாட்டார். மூன்று கேள்வி மட்டும் கேட்பார்: "எத்தனை பக்கம்? இப்ப எத்தனை மணி? முடிவிலை ஆர் நிக்கினம்?" மூன்றாவது கேள்வி மிகக் கூர்மையானது. அத்தியாயம் முடியும் இடத்தில் எந்தப் பாத்திரம் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், அந்த அத்தியாயம் சரியில்லை என்று அவருக்குத் தெரியும். நமக்கும் தெரிந்துவிடும்.

தொடர்கதைப் பக்கத்தைக் கட்டும் முறையும் எங்களிடம் தனி. தலைப்பு, எழுதியவர் பெயர், கடைசியில் வரும் "தொடரும்" என்ற சொல், இந்த மூன்றும் நூலால் இறுக்கிக் கட்டிய எழுத்துகள். வியாழக்கிழமை பத்திரிகை வெளியானதும் மற்ற எழுத்தெல்லாம் பிரிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகும். இவை பிரியா. வெள்ளிக்கிழமை காலையிலேயே பொன்னுத்துரை அண்ணை அடுத்த வாரத்துச் சட்டத்தில் மேலே தலைப்பையும் கீழே "தொடரும்" என்பதையும் வைத்துவிடுவார். நடுவே வெறும் மரக்கட்டைகள். கதையில் ஒரு வரிகூட எழுதாதபோதே அது தொடரும் என்பது முடிவாகிவிடும். எழுத வேண்டியவன் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்த மரக்கட்டைகளை வெளியேற்ற வேண்டும்.

பதினான்கு வருடம் பிறர் கதைக்குப் பிழை பார்த்தவனுக்கு, 1936 சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்வந்த வியாழக்கிழமை முதல் சொந்தத் தொடர்கதை கிடைத்தது. என் கதாநாயகி பூரணம், என் ஊரைப் போன்ற ஒரு புகையிலைத் தோட்ட ஊர்க்காரி. அவளுக்குப் பேசிவைத்தவன் சபாநாதன். ரங்கூனில் ஒரு கடையில் வேலை இருக்கிறது என்று மாமன் எழுத, சபாநாதன் வல்வெட்டித்துறைக்குப் போய்ப் பாய்க்கப்பல் ஏறுகிறான். பதினான்காம் அத்தியாயத்தில் அவன் பூரணத்துக்கு எழுதிய கடிதம் வரும்: "நாளை விடியற்புறம் கப்பல் ஏறுகிறேன்."

அந்தக் கடிதத்தை எழுதியபோது எனக்கு மிகவும் பெருமை. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினேன். என் கதைக்கென்று தனியாக ஒரு காலக்கணக்குக் கொப்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு அத்தியாயமும் எந்த மாதம், என்ன கிழமை, என்ன திதி, நிலவு எத்தனை மணிக்கு எழும்பும் என்று அதில் இருக்கும். கதையில் நிலவு பிழையான நாளில் எறித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சபாநாதன் புறப்படுவதற்கு மார்கழியைத் தெரிந்தெடுத்தேன். மார்கழி விடியலில் கோயிற் சங்கும் சேமக்கலமும் கேட்கும். பனிக்குள்ளே அந்த ஓசை தேய, கப்பல் கரையை விட்டு அகல்வதாக எழுதலாம் என்று எண்ணினேன். திதியும் பொருந்தியது.

பதினைந்தாம் அத்தியாயத்தில் பூரணத்தின் தோட்டத்தை வர்ணித்து இடத்தை நிரப்பினேன். பதினாறாம் அத்தியாயத்தில் எழுத்து நின்றது.

எப்படி நின்றது என்பதைச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது வேறு பலருக்கும் நடந்ததைப் பின்னால் பார்த்திருக்கிறேன். "சபாநாதன் கப்பலின் மேல்தட்டில் நின்றான்" என்று எழுதுவேன். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. வெட்டிவிட்டு, "கரை மெல்ல மறைந்தது" என்று எழுதுவேன். நின்றுவிடும். அவனை விட்டுவிட்டுப் பூரணத்திடம் போவேன். அவள் கிணற்றடியில் நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். பேனையை மாற்றினேன், மையை மாற்றினேன், யன்னலோரம் போனேன், உரும்பிராயில் இருந்து நல்லூர் வரைக்கும் நடந்து பார்த்தேன். பொன்னுத்துரை அண்ணையின் மருந்தையும் குடித்துப் பார்த்தேன். அவர் பலகையோடு நிற்க, நான் வாய் திறந்து, "சபாநாதன்..." என்றேன். அவர் அந்தப் பெயரைக் கோர்த்துவிட்டுக் காத்திருந்தார். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு எழுத்துகளைத் திரும்பப் பெட்டியில் போட்டார்.

"உவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். அது எவ்வளவு சரி என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு பத்திராதிபரின் அறைக்குள் போனேன்.

"எத்தனை பக்கம், மிஸ்டர் முருகேசு?"

"ஒண்டுமில்லை ஐயா. 'ஆசிரியர் சுகவீனம்' எண்டு இந்தமுறை போட்டுவிட்டால்..."

"உமக்குச் சுகவீனமோ?"

"இல்லை ஐயா."

"அப்ப அதை அச்சடிக்கேலாது."

அந்த வியாழக்கிழமை எங்கள் பத்திரிகையில் என் கதைத் தலைப்பின் கீழே ஒரே ஒரு வரி வந்தது: "இவ்வாரம் அத்தியாயம் எழுதப்படவில்லை." அதன் கீழ் "தொடரும்". யாழ்ப்பாணம் முழுவதும் சிரித்திருக்கும். என் மனைவி அந்தப் பத்திரிகையை மடித்து அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்திராதிபர் கூப்பிட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாற செவ்வாய் பன்னிரண்டு மணி. இல்லையெண்டால் கோப்பாய் ஹெட்மாஸ்டரிட்டைக் குடுக்கப்போறன். அவர் முடிச்சுத் தருவார்."

கோப்பாய் ஹெட்மாஸ்டர் சரித்திரக் கதை எழுதுபவர். அவர் கையில் பூரணம் போனால் மூன்றாம் வாரமே இளவரசியாகிவிடுவாள். அதுகூடப் பரவாயில்லை. என்னுடைய முதல் கதை, பதினான்கு வருடம் காத்திருந்து பெற்ற கதை, என் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைக் கட்டி வைத்த தலைப்போடு வரப்போகிறது. அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகையில் எனக்கு மறுபடி கதை கிடைக்காது, புரூப் மேசைதான். சனியும் ஞாயிறும் ஒரு வரி வரவில்லை.

ஆடி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்ததால் பட்டினம் முழுக்கச் சனம். காலை பத்தேகால் மணிக்கு ஒரு பெண்மணி எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். ஈரம் காயாத கூந்தலை முடிந்து, கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றார்.

"இஞ்சை முருகேசர் எண்டிறது ஆர்?"

"நான்தான். இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"நான் வல்வெட்டித்துறை. இரத்தினம்மா. தண்டையலின்ரை பெண்சாதி." தண்டையல் என்றால் பாய்க்கப்பலைச் செலுத்தும் தலைவர். "வியாழக்கிழமை எண்டால் எங்கடை ஒழுங்கைப் பொம்பிளையள் பதினைஞ்சு பேர் என்ரை வீட்டு விறாந்தையிலை. உங்கடை கதையை நான்தான் வாசிக்கிறது. போன கிழமை ஒண்டையும் காணேல்லை. கோயிலுக்கு வந்த இடத்திலை நேரிலை கேட்டுப்போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

எனக்கு வெட்கம் பிடுங்கியது. "எழுதேல்லை அம்மா. இந்தக் கிழமை..."

"உது கிடக்கட்டும். எனக்கு ஒண்டு தெரியவேணும். உவன் சபாநாதன் ஏன் பொய் சொன்னவன்?"

"என்ன பொய்?"

"கப்பல் ஏறினான் எண்ட பொய்."

"அவன் ஏறினவன்தானே? கடுதாசி எழுதினவன்..."

"கடுதாசி எழுதினவன். அதைத்தான் கேக்கிறன். மார்கழியிலை ரங்கூனுக்கு எந்தக் கப்பல் போறது?"

நான் என் காலக்கணக்குக் கொப்பியை எடுத்து விரித்தேன். "பஞ்சாங்கம் பாத்துத்தான் எழுதினனான். அண்டைக்குத் திதி..."

"திதியைப் பாத்தோ பாய் விரிக்கிறது? காத்தைப் பாக்கிறேல்லையோ?" அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டார். "ஆனி ஆடிச் சோளகக் காத்திலை எங்கடை ஆக்கள் போவினம். வாடைக் காத்தோடை திரும்பி வருவினம். மார்கழி வாடை. ரங்கூன் பக்கத்தாலை அடிக்கிற காத்து. முகத்துக்கு நேரை அடிக்கேக்கை பாய் என்னண்டு பிடிக்கும்? இப்ப என்ரை மனிசன் ரங்கூனிலை. மார்கழியும் தையும் எங்கடை கரையிலை ஆக்கள் வாற மாதம். பொம்பிளையள் எல்லாம் கடலைப் பாத்துக்கொண்டு இருப்பம். அந்த மாதத்திலை போறன் எண்டு ஒருத்தன் எழுதினால், அவன் போகேல்லை. வாசிச்ச அண்டைக்கே பதினைஞ்சு பேரும் சொல்லிப்போட்டம், உவன் கள்ளன், கரையிலை எங்கையோதான் ஒளிச்சு நிக்கிறான் எண்டு. ஆனால் ஏன் எண்டுதான் பிடிபடேல்லை. அந்தப் பெட்டை பாவம், தோட்டக்காரி, அவளுக்குக் காத்துத் தெரியாது. நம்பிப்போட்டாள்."

என் முகம் எப்படியிருந்ததோ தெரியாது. இரத்தினம்மா அதை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் எந்த ஊர்?"

"உரும்பிராய்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயோ! அப்ப உங்களுக்கும் தெரியாதோ?"

நான் கதிரையில் இருந்து எழுந்துவிட்டேன். அந்தக் கணத்தை எனக்கு இன்றும் வர்ணிக்கத் தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, தலைக்குள்ளே யாரோ யன்னல்களைப் படபடவென்று திறப்பது போல் இருந்தது. சபாநாதன் ஏறவில்லை! அவனை மேல்தட்டில் நிறுத்தியபோதெல்லாம் வசனம் செத்ததற்குக் காரணம், அவன் அங்கே இல்லை. இல்லாத இடத்தில் ஒருவனை நான் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் கரையில் இருக்கிறான். வல்வெட்டித்துறையில் ஏதோ ஒரு வளவுக்குள், பூரணத்தின் ஊரில் இருந்து பன்னிரண்டு மைல் தூரத்தில் இருக்கிறான். அவனுடைய கடிதம் பூரணத்தின் சட்டைக்குள்ளே இருக்கிறது. அவள் அதை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறாள். காற்றுத் தெரிந்த ஒருவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தால் போதும்!

"அவன் ஏன் பொய் சொன்னவன்?" என்று நானே இரத்தினம்மாவிடம் கேட்டேன்.

"நல்ல கேள்வி! அதைக் கேக்கத்தானே நான் இவ்வளவு தூரம் வந்தது? உது உங்கடை வேலை." தட்டை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "வியாழக்கிழமை பதினைஞ்சு பேரும் இருப்பம்."

நான் என் மேசைக்குப் போகவில்லை. தாள்களை அள்ளிக்கொண்டு நேரே அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன், முப்பத்தாறு வயதில். பொன்னுத்துரை அண்ணை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"எங்கை நெருப்பு?"

"அண்ணை, சபாநாதன் போகேல்லை!"

"போகேல்லையோ? ரங்கூனுக்கோ? பதினாலாம் அத்தியாயத்திலை நான்தானே என்ரை கையாலை அவனை ஏத்தி அனுப்பினனான்!"

"பொய் சொல்லிப்போட்டான். உங்களுக்கும், எனக்கும், பூரணத்துக்கும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கோர்க்கும் பலகையைக் கையில் எடுத்தார். "சொல்லு."

இம்முறை சொல்லவும் பொறுமை இருக்கவில்லை, எழுதினேன். தாள் அடுக்கி வைத்திருந்த பெட்டியின்மேல் நின்றபடியே எழுதினேன். பூரணத்தின் வீட்டுப் படலை வாசலுக்குக் கரையூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு கருவாட்டுக்காரி வருகிறாள். பூரணத்துக்கு அன்று யாருக்காவது அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும் போல் இருக்கிறது. கருவாட்டுக்காரிக்கு வாசிக்கத் தெரியாது, பூரணம் வாசித்துக் காட்டுகிறாள். கருவாட்டுக்காரி கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். பிறகு, பெண்ணின் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்துகிறாள். அந்தக் கருவாட்டுக்காரிக்கு இரத்தினம்மாவின் நாக்கைக் கொடுத்தேன். அந்த மனுஷி எனக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் எழுதுவதற்கு முன்னரே அடுத்த வசனம் காதில் கேட்டது. ஒரு பக்கம் முடிய முன்னம் பொன்னுத்துரை அண்ணை அதைப் பறித்துக்கொண்டு போவார். மரக்கட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

மாலை ஐந்து மணிக்கு அச்சுக்கூடம் பூட்டினார்கள். செவ்வாய் காலை ஏழு மணிக்கு, திறப்பு வருமுன்னமே வாசலில் நின்றேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசித் தாள் முடிந்தது. மை காயாத அந்தத் தாளையும் அண்ணையிடம் இருந்த மற்றத் தாள்களையும் அள்ளிக்கொண்டு பத்திராதிபரின் அறைக்குள் போனேன்.

"எத்தனை பக்கம்?"

"பதினொண்டு."

"இப்ப எத்தனை மணி?"

"பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் ஐயா."

அவர் மணிக்கூட்டை எடுத்துச் சரிபார்த்தார். "முடிவிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் நிக்கேல்லை ஐயா. பூரணம் நடக்கிறாள். வல்வெட்டித்துறைக்கு."

அவர் கண்ணை உயர்த்தினார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கையை நீட்டித் தாள்களை வாங்கி வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வாசித்து முடித்துவிட்டு, "அப்ப பதினாலாம் அத்தியாயம் பிழை" என்றார்.

அவர் பத்திரிகையில் ஒரு சிறு தகவற் பிழை வந்தாலும் அடுத்த வாரம் திருத்தம் போடுவார். இதற்கும் "மார்கழியில் கப்பல் செல்லாது, வருந்துகிறோம்" என்று ஒரு வரி போட்டால் என் கதை அங்கேயே மூழ்கிவிடும். அவருக்குப் பொய் சொல்லவும் முடியாது.

"ஓம் ஐயா. எழுதேக்கை எனக்குத் தெரியாது. பிழை என்ரை. ஆனால் பொய் சபாநாதன்ரை."

சுவரில் இருந்த மணிக்கூடு பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது.

"கடுதாசியிலை கையெழுத்து ஆற்றை?"

"சபாநாதன்ரை."

"அப்ப திருத்தமும் அவன்தான் போடவேணும்" என்று சொல்லி, தாள்களை என்னிடமே திருப்பித் தந்தார். "அச்சுக்குக் குடும்."

அந்த வியாழக்கிழமைக்குப் பின் நடந்ததை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடிதங்கள் வந்தன. பருத்தித்துறையில் இருந்து, காரைநகரில் இருந்து, கடலோரம் எங்கும் இருந்து வந்தன. எல்லோரும் எழுதியது ஒரே விஷயம்: மார்கழி என்று கண்டவுடனேயே தங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். மூன்று வாரம் முன்பாகவே இவ்வளவு நுட்பமாக விதை போட்ட ஆசிரியருக்குப் பாராட்டாம். "எழுதப்படவில்லை" என்ற வரிகூட வாசகரைத் தவிக்கவிட நான் செய்த தந்திரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கோப்பாய் ஹெட்மாஸ்டரே நேரில் வந்து கைகுலுக்கினார். நான் சிரித்துக்கொண்டு கையைக் கொடுத்தேன். பத்திராதிபர் என்னைப் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சபாநாதன் ஏன் பொய் சொன்னான் என்பது அந்த வாரமும் எனக்குத் தெரியாது. ஆனால் முன்போல் அது பயமாக இருக்கவில்லை. பூரணத்தின் பின்னாலேயே நானும் அதைக் கேட்க நடந்துகொண்டிருந்தேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் அவள் அவனைக் கண்டுபிடித்தாள். கப்பற் கயிறு திரிக்கும் ஒரு கொட்டிலில் கூலிக்கு இருக்கிறான். ஏன் போகவில்லை என்று கேட்கிறாள். அவன் வாயில் இருந்து வந்த மறுமொழி என் பேனையில் இருந்து வந்தபோது நானே திடுக்கிட்டேன். அவனுக்குக் கடல் பயம். சோளகம் வீசிய மாதங்களில் இரண்டு தரம் ஏற வந்து, தண்ணீரைக் கண்டு கால் நடுங்கித் திரும்பிவிட்டான். ஊருக்குப் போக வெட்கம். ஆறு மாதம் ஒளித்திருந்துவிட்டு, கப்பல் எல்லாம் திரும்பும் மாதத்தில்தான் அவனுக்குக் கடிதம் எழுதத் துணிவு வந்தது.

பொன்னுத்துரை அண்ணை அந்தப் பக்கத்தைக் கோர்த்துவிட்டுத் திரும்பினார். "முருகேசு, நீ ஊர்காவற்றுறைக்கு வள்ளத்திலை போன அண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு என்ரை கையைப் பிடிச்சது ஞாபகம் இருக்கோ?"

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

அத்தியாயம் தோறும் காலக்கணக்கு எழுதிய எனக்கு, அவனுடைய பயம் என்னுடையதே என்று தெரியவில்லை. ஏட்டில் திதி இருந்தது, நிலவு இருந்தது. கடலை நான் ஒருநாளும் கண்திறந்து பார்க்காமலே அவனைக் கப்பலில் ஏற்றியிருக்கிறேன்.

கதை கார்த்திகையில் முடிந்தது. அதற்குப் பிறகு அதே பத்திரிகையில் இன்னும் ஆறு தொடர்கதை எழுதினேன், 1940இல் உதவியாசிரியரானேன். பிறர் கதைகள் நின்றபோது என்னிடம் வந்தார்கள். தொடங்க முடியாதவரை எழுப்பி நிறுத்தி வாயால் சொல்லவைத்தேன். நடுவில் நின்றவரிடம் அடுத்த அத்தியாயத்தைப் பற்றி நான் கேட்டதேயில்லை. முந்திய மூன்று அத்தியாயத்தைக் கொண்டுவரச் சொல்வேன். "இதில் நீர் பார்க்காமல் எழுதியது எது?" என்று கேட்பேன். கோபித்துக்கொண்டு போவார்கள். இரண்டு நாளில் திரும்பி வருவார்கள். ஒருவர் நீதிமன்ற வழக்கு ஒன்றை நீதிமன்றமே பார்க்காமல் எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு பிரசவத்தை. தெரிந்த ஆளிடம் போய்க் கேட்டுவரும்படி அனுப்பினேன். பாதிப் பேருடைய கதை, கேட்டு முடியுமுன்னமே நகரத் தொடங்கிவிட்டது. என் காலக்கணக்குக் கொப்பியிலும் 1936 ஆடி முதல் திதிக்கு அருகே இன்னொரு நிரல் இருக்கிறது. அதன் தலைப்பு: காற்று.

அந்த வருட மார்கழியில் இரத்தினம்மாவிடம் இருந்து சேதி வந்தது: "கப்பல் வருகுது. பாக்க வேணுமெண்டால் வாருங்கோ." சைக்கிளில் போனேன். வாடை முகத்தில் அடித்தது. கால் மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகர மறுத்தது. இந்தக் காற்றுக்கு எதிராகவா அவனை அனுப்பப் பார்த்தேன் என்று வழிமுழுக்கச் சிரித்துக்கொண்டு போனேன். கரையில் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி பாயாக விரிந்தது. யாரும் சத்தம் போடவில்லை. இரண்டாவது பாயும் தெரிந்த பிறகுதான் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் கண்ணை மூடவில்லை.

தண்டையல் கரையேறியதும் இரத்தினம்மா என்னைக் காட்டினார். உப்புக் காய்ந்த முகத்தோடு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மார்கழியிலை கப்பல் விட்ட ஆள் நீரோ?"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரத்தினம்மா முந்திக்கொண்டார்.

"அவர் ஏன் விடுறார்? அவருக்குத் தெரியாதோ? சபாநாதன்தான் பொய் சொன்னவன்" என்று ஊர் கேட்கச் சொன்னார். விறாந்தைப் பெண்கள் மற்றப் பதினாலு பேரும் தலையை ஆட்டினார்கள். பிறகு, கணவரின் மூட்டையை வாங்கிக்கொண்டு என்னைக் கடக்கும்போது, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"அவன் பொய் கரை முழுக்கத் தெரியும். உங்கடை பொய் இஞ்சை எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நான்தான் இப்போது சொல்லிவிட்டேன்.